வாதம் இழுத்தது இடது கையை, நடுங்கியது வலது கை

பக்கவாதத்தில் அம்மாவுக்கு விழுந்துபோனது இடது கையும் இடது காலும். சுமார் இரண்டு மாதம் கழித்து வலது கை நடுங்க ஆரம்பித்தது. தினமும் அந்த வலது கையைப் பிடித்துத்தான் அவரை உட்காரவைத்தேன். அந்தக் கையால்தான் டம்ளரைப் பிடித்துக் காப்பியைச் சேலையில் சிந்தினார். வாதம் இடது பக்கம் என்றால் வலது கை எதற்கு நடுங்குகிறது என்ற கேள்வி இரண்டரை மாதம் எனக்குத் தோன்றவே இல்லை. நான் கணக்குப் பார்க்கிற வேலையில் இருப்பவன். பில்லில் ஓர் எண் இடம் மாறியிருந்தால் உடனே கண்ணில் படும் என்று அலுவலகத்தில் பெயர் வேறு. அந்தக் கண் வீட்டுக்குள் வேலை செய்யவில்லை. உங்கள் வீட்டில் வயதான ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பை மாத்திரையோடு திரும்பியிருந்தால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மும்பையில் சயான் கோலிவாடாவில் ஒரு ரூம் கிச்சன் வீடு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது, கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை, எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை. அம்மா இருபத்தைந்து வருடத்துக்கும் மேல் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தவர். 2023 ஆகஸ்டில் ஒரு காலை, இட்லித் தட்டைப் பிடித்திருந்த இடது கை அப்படியே நழுவியது. டாக்ஸியில் போட்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மூளையின் வலது பக்கம், அதாவது உடலின் இடது பக்கத்தை இயக்குகிற பக்கம், ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். பதினோரு நாள், 3,40,000 ரூபாய். காப்பீடு 2,00,000 கொடுத்தது. அதுவரை நடந்ததில் எனக்கு யார்மேலும் குறையில்லை, உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் இரவு ஐசியுவிலிருந்து போன் வந்தது. ஓடிப்போனால், அம்மா கட்டிலில் எழுந்து உட்காரப் பார்க்கிறார், மூக்குக் குழாயைப் பிடுங்கியிருக்கிறார். என்னைப் பார்த்ததும், "ஏ ஐயா, மணியாச்சி வந்துட்டு, பெட்டிய எடு, எறங்கணும்" என்றார். மணியாச்சி எங்கள் ஊர்ப்பக்கத்து ரயில் ஜங்ஷன். அவருக்கு அது ஐசியு இல்லை, ஊருக்குப் போகிற ரயில். அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். சுவரில் சாய்ந்து அழுதேன். நர்ஸ் ஒருவர்தான் தண்ணீர் கொடுத்து, இது வயதானவர்களுக்கு ஆஸ்பத்திரியில் அடிக்கடி வருகிற குழப்பம், சில நாளில் தெளிந்துவிடும் என்றார். டெலிரியம் என்பது அதன் பெயர். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, உப்புச் சத்து குறைவது, மலச்சிக்கல், தூக்கமில்லாமை, இப்படி எதுவும் அதைக் கிளப்பலாம். இரவும் பகலும் ஒரே வெளிச்சம், தெரியாத முகங்கள், தெரியாத மொழி என்றால் இன்னும் கூடும். அம்மா சாதாரணமாக நன்றாகவே இந்தி பேசுவார், அந்த நாட்களில் மட்டும் நெல்லைத் தமிழ் தவிர வேறு எதுவும் அவர் வாயில் வரவில்லை. அங்கே இருந்த நர்ஸ்களில் யாருக்கும் தமிழ் தெரியாது. இதில் என் பங்கும் உண்டு. அவருடைய மூக்குக்கண்ணாடி தொலைந்துவிடும் என்று நான் பத்திரமாக என் பையில் வைத்திருந்தேன். நான்கு நாள் அவர் உலகத்தையே மங்கலாகத்தான் பார்த்திருக்கிறார். உங்களுக்கு இப்படி நேர்ந்தால் கண்ணாடி, காது மிஷின், பல்செட் எல்லாவற்றையும் கட்டில் பக்கத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். தெரிந்த முகம் ஒன்று பகலில் பக்கத்தில் இருந்து, இன்று என்ன கிழமை, இது எந்த ஊர் என்று அவர் மொழியில் சொல்லிக்கொண்டே இருப்பது உண்மையிலேயே உதவுகிறது.

அன்று இரவு ஹாலோபெரிடால் என்கிற மனநோய் மருந்தை ஊசியாகப் போட்டார்கள். குழாயைப் பிடுங்கிக்கொள்கிறவரை வேறு எப்படி அடக்குவது, அந்த முடிவை நான் இன்றும் குறை சொல்ல மாட்டேன். நான் குறை சொல்வது அதன்பிறகு நடந்ததை. ஊசி மாத்திரையாக மாறியது. இரவு அரை மாத்திரை. அம்மா தெளிந்து, மணியாச்சியை மறந்து, பேரன் பேத்தி இல்லாத குறையைப் பற்றி என்னிடம் புலம்புகிற அளவுக்குப் பழையபடி ஆனபிறகும் அந்த அரை மாத்திரை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏழாவது வரியாக எங்களோடு வீட்டுக்கு வந்தது. எத்தனை நாளைக்கு என்று எழுதவில்லை. "தொடரவும்" என்றுதான் இருந்தது. மொத்தம் ஒன்பது மருந்து. நானும் கேட்கவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, பிரஷருக்கு ஒன்று, கொலஸ்ட்ராலுக்கு ஒன்று, இவை ஆயுசுக்கும் சாப்பிட வேண்டியவை. அதே வரிசையில் சில நாளுக்கு மட்டும் கொடுத்த மருந்தும் நின்றால் வித்தியாசம் நமக்கு எப்படித் தெரியும்? இப்போது நான் யாருக்கு டிஸ்சார்ஜ் என்று கேள்விப்பட்டாலும் ஒன்றைத்தான் சொல்கிறேன்: ஒவ்வொரு அட்டையையும் கையில் எடுத்து, இது எதற்கு, எது வரைக்கும் என்று கேட்டு, மார்க்கர் பேனாவால் அட்டையின் மேலேயே எழுதிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. எனக்கு அது நான்கு மாதமும் லட்சத்துக்கு மேல் பணமும் ஆனது.

முதல் இரண்டு வாரம் வீட்டில் நன்றாகத்தான் போனது. பிசியோ வந்தார், ஒரு தடவைக்கு 600 ரூபாய், வாரம் ஆறு நாள். இடது காலைப் படுக்கையிலிருந்து ஒரு சாண் தூக்கினார் அம்மா. பகலில் பார்த்துக்கொள்ள ஒரு மாவ்ஷியை (பணிப்பெண்ணை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) வைத்தேன், நாளுக்கு 650. பிறகு அம்மா இரவில் தூங்காமல் ஆனார். படுத்தால் எழ வேண்டும், எழுந்தால் படுக்க வேண்டும். நல்ல காலைப் படுக்கையில் தேய்த்துக்கொண்டே இருப்பார். "காலு நிக்க மாட்டேங்குய்யா, உள்ள எறும்பு ஊருத மாரி இருக்கு" என்றார். நான் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, பழைய மாதிரி படபடப்பு வந்துவிட்டது என்று சொன்னேன். பாருங்கள், அவர் சொன்னது கால் நிற்க மாட்டேன் என்கிறது, நான் மொழிபெயர்த்தது படபடப்பு என்று. மறுமுனையில் இருந்தவர் மாத்திரையைக் கூட்டச் சொன்னார்: இரவு ஒன்று, காலையில் அரை. எரிகிற அடுப்பில் நானே விறகைத் தள்ளினேன். அந்த நிலைகொள்ளாமைக்கு அகதீசியா என்று பெயர், அது அந்த மருந்தாலேயே வருவது. மருந்து தொடங்கிய அல்லது கூட்டிய சில நாளிலோ வாரத்திலோ தலைகாட்டும். பார்க்கிறவருக்கு நோய் முற்றியதுபோலத் தெரியும், அதனால் மருந்தைக் கூட்டுவார்கள், அது இன்னும் கூடும். நோயாளி சொன்ன வார்த்தையை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள், உங்கள் வார்த்தையில் மாற்றாதீர்கள். போனில் மருந்தைக் கூட்டச் சொன்னால், ஒரு தடவை நேரில் பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.

கூட்டியபிறகு அம்மா அடங்கினார். ரொம்பவே அடங்கிவிட்டார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. கண் இமைப்பது கூடக் குறைந்துவிட்டது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. கஞ்சி குடித்தால் புரையேறியது, வாயோரம் எச்சில் வழிந்தது. செப்டம்பர் கடைசியில் வலது கை நடுங்க ஆரம்பித்தது. நவம்பரில் பேங்க்கில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று படிவத்தைத் திருப்பி அனுப்பினார்கள். பார்த்தால், அவருடைய பெரிய உருண்டைக் கையெழுத்து எறும்பு ஊர்ந்ததுபோலச் சிறுத்துப் போயிருந்தது. அதையும் நான் ஒரு அறிகுறியாகப் பார்க்கவில்லை. பேங்க்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

அக்டோபரில் மறுபரிசோதனைக்குப் போனபோது அங்கிருந்த இளம் டாக்டர் நடுக்கத்தைப் பார்த்து ட்ரைஹெக்சிபெனிடில் என்று இன்னொரு மாத்திரை எழுதினார். பத்தாவது மருந்து. நடுக்கம் லேசாகக் குறைந்தது. பதிலுக்கு நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, ஐந்து நாளைக்கு ஒரு தடவைதான் மலம் கழிந்தது, காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது மத்தியானத்தில் ஞாபகம் இல்லை. பிசியோ, "மாஜி ஒத்துழைக்க மாட்டேன் என்கிறார், மனசு வைத்தால்தான் நடக்கும்" என்று என்னிடம் தினமும் புகார் சொன்னார். நானும் சேர்ந்து திட்டினேன். இதை எழுதக் கூசுகிறது. ஒருநாள் ராத்திரி, வேலையிலிருந்து வந்த களைப்பில், "உனக்கு நடக்கணும்னு ஆசையே இல்லம்மா, என்னைச் சாகடிக்கணும்னுதான் படுத்துக் கெடக்கே" என்று கத்தினேன். அவர் முகம் மாறவே இல்லை. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வந்தது. முகம் மாறாததை நான் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டேன். அழுவதற்குக் கூட அவர் முகத்துச் சதை அசையவில்லை என்பது பின்னாடிதான் புரிந்தது.

கேள்வி முதலில் வந்தது எதிர் வீட்டு ஆச்சியிடமிருந்து. அம்மாவோடு சேர்ந்து மாவு அரைத்தவர். "ஏ தம்பி, வாதம் அந்தக் கையில்லா? இந்தக் கை எதுக்கு ஆடுது?" என்று கேட்டார். எல்லாம் தெரிந்த மாதிரி, வயசாகிவிட்டது ஆச்சி என்று சொல்லி அனுப்பினேன். டிசம்பர் நடுவில் பழைய பிசியோ ஊருக்குப் போக, பத்து நாளைக்கு ஒரு இளம் பெண் பதிலுக்கு வந்தார். முதல் நாளே இடது முழங்கையை மெதுவாக மடக்கினார், பிறகு வேகமாக மடக்கினார். பிறகு வலது முழங்கையையும் அதே மாதிரி. என் கையையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். இடது கையை வேகமாக நீட்டினால் சட்டென்று பிடித்துக்கொள்கிறது, மெதுவாக நீட்டினால் அவ்வளவு இல்லை. அது வாதத்தால் வரும் இறுக்கம். வலது கையோ மெதுவாக இழுத்தாலும் வேகமாக இழுத்தாலும் ஒரே கனம், ஈயக் குழாயை வளைப்பதுபோல. மணிக்கட்டில் பல்சக்கரம் சுற்றுவதுபோலக் கடகடவென்று விட்டு விட்டு வந்தது. "இது ஸ்ட்ரோக் இறுக்கம் இல்லை அண்ணா, பார்க்கின்சன் மாதிரி இருக்கிறது. என்னென்ன மாத்திரை கொடுக்கிறீர்கள்?" என்றார். நடுக்கமும் இறுக்கமுமாக வருகிற மூளை நரம்பு நோய்தான் பார்க்கின்சன். நூற்றுக்கும் மேற்பட்ட தடவை பிசியோ நடந்த வீட்டில் அதைக் கேட்ட முதல் ஆள் அந்தப் பெண்தான்.

ஒரு வாரம் கழித்து பரேலில் இருக்கிற மாநகராட்சி மருத்துவமனையின் நரம்பியல் வெளிநோயாளிப் பிரிவுக்கு (ஓபிடி) அம்மாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோனேன். காலை ஏழரைக்குப் போய் மத்தியானம் ஒன்றரைக்குப் பார்த்தார்கள். கேஸ் பேப்பருக்கு ஆன செலவு ஒரு வடாபாவ் விலை கூட இல்லை. நான் அழகாக டைப் செய்து கொண்டுபோன மருந்துப் பட்டியலை அந்த டாக்டர் ஓரமாக வைத்துவிட்டு, அட்டைகளைக் கொடு என்றார். நல்லவேளை, பையோடு போயிருந்தேன். மேஜையில் பரப்பி இரண்டு அட்டையைத் தனியாகத் தள்ளினார். ஒன்று ஹாலோபெரிடால். இன்னொன்று, என் பட்டியலில் "கேஸ் மாத்திரை" என்று நான் எழுதியிருந்தது. அதன் பின்பக்கம் பொடி எழுத்தில் இரண்டு மருந்து இருந்தது. ஒன்று வயிற்று அமிலத்தைக் குறைப்பது. மற்றது லெவோசல்பிரைடு. அது மனநோய்க்கான மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது, வயிறு சீக்கிரம் காலியாக உதவும் என்பதற்காக அமில மாத்திரையோடு சேர்த்து விற்கிறார்கள். ஆக, உடல் அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்கிற மூளை வேதிப்பொருளை அடைக்கிற மருந்தை நான் அம்மாவுக்கு இரண்டு வழியில் ஊட்டியிருக்கிறேன், ஒன்றைக் கேஸ் மாத்திரை என்ற பெயரில். வாந்திக்குத் தருகிற மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின், தலைச்சுற்றலுக்குத் தருகிற ஃபுளூனரிசின், சின்னரிசின் இவையும் வயதானவர்களுக்கு மாதக்கணக்கில் போனால் இதே வேலையைச் செய்யக்கூடியவை என்றார். மனநல மருந்து எதுவும் கொடுக்கவில்லையே என்று நினைக்கிறவர்களும் வீட்டு மருந்து டப்பாவை ஒரு தடவை கவிழ்த்துப் பாருங்கள்.

அன்று இரவிலிருந்து நான் படிக்க ஆரம்பித்தேன். 1950களில் ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் என்ற விஞ்ஞானி முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். அது நம் நாட்டு சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்தது, சித்தம் கலங்கியவர்களுக்கு நம் வைத்தியர்கள் கொடுத்துவந்த அதே வேர். முயல்கள் காது தொங்கி, அசையாமல் உட்கார்ந்துவிட்டன. மூளையில் டோபமைன் தீர்ந்துபோனதுதான் காரணம். டோபமைனாக மாறக்கூடிய எல்-டோபாவை ஊசியில் ஏற்றியதும் அவை எழுந்து நடமாடின. உடல் அசைவதற்கு டோபமைன் எவ்வளவு முக்கியம் என்பது இப்படித்தான் தெரியவந்தது, 2000ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்த முயலைப் பற்றிப் படித்தபோது பக்கத்துக் கட்டிலில் அம்மா அப்படியேதான் கிடந்தார். ஹாலோபெரிடால் 1958இல் பெல்ஜியத்தில் பால் யான்சனின் ஆய்வுக்கூடத்தில் உருவானது. அது டோபமைனைத் தீர்ப்பதில்லை, டோபமைன் போய் உட்கார வேண்டிய டி2 என்கிற ஏற்பிகளில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. இல்லாத குரல் கேட்பது, இல்லாத ரயிலைப் பார்ப்பது போன்றவற்றோடு சம்பந்தப்பட்ட மூளைப் பாதையில் அது உட்கார்ந்தால் நல்லது. ஆனால் கைகால் அசைவைச் சீர்படுத்துகிற பாதையிலும் அதே டோபமைன்தான், அதே ஏற்பிதான். மாத்திரையிடம் இந்தத் தெருவுக்கு மட்டும் போ என்று சொல்ல முடியாது. மூளைப் படங்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், ஏறக்குறைய 65 சதவீத ஏற்பிகள் அடைபட்டால் மனநோய்க்குப் பலன் தெரிகிறது, 80ஐ நெருங்கினால் உடல் இறுக ஆரம்பிக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். அவ்வளவு குறுகலான வரப்பு அது. வயதானவர்களுக்கு டோபமைன் செல்கள் ஏற்கெனவே குறைந்திருக்கும், அதனால் இளைஞருக்கு ஒன்றும் செய்யாத அளவே அவர்களைச் சாய்த்துவிடும். அந்தப் பத்தாவது மாத்திரை வேறு கதை. டோபமைன் தட்டு தாழ்ந்தால் எதிர்த் தட்டில் இருக்கிற அசெட்டைல்கோலின் என்கிற இன்னொரு வேதிப்பொருளையும் குறைத்துத் தராசைச் சமப்படுத்தப் பார்க்கிறது. ஆனால் எச்சில், குடல், ஞாபகம் எல்லாவற்றுக்கும் அந்த அசெட்டைல்கோலின் வேண்டும்.

எனக்கு மிகவும் வலித்தது இன்னொன்று. 1982இல் ஃபீனி என்பவரும் உடன் வேலை செய்தவர்களும் மூளையில் காயம்பட்ட எலிகளைக் குறுகிய கட்டையில் நடக்கவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஹாலோபெரிடால் கொடுத்த எலிகள் மீண்டும் நடக்கப் பழகுவதற்கு அதிக நாள் எடுத்துக்கொண்டன. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் பக்கவாதத்துக்குப்பின் முதல் மூன்று மாதத்தில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகிவிடும் என்று எல்லா டாக்டரும் சொல்கிறார்கள். அந்த மூன்று மாதம் முழுக்க அம்மா பிரேக்கை மிதித்துக்கொண்டே வண்டி ஓட்டியிருக்கிறார். பிரேக்கை மிதித்திருந்தது என் கால்.

டாக்டர் அன்றே கேஸ் மாத்திரையை நிறுத்தி, வெறும் அமில மாத்திரை எழுதினார். ஹாலோபெரிடாலை மூன்று வாரத்தில் படிப்படியாகக் குறைத்தார். நடுக்க மாத்திரையைக் கடைசியில், அதையும் மெதுவாக. ஒரே நாளில் எல்லாவற்றையும் தூக்கிப் போடாதே என்று இரண்டு தடவை சொன்னார். இது உண்மையான பார்க்கின்சனா, மருந்தால் வந்ததா என்று ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேட்டேன். மூளையின் டோபமைன் நரம்புகளைக் காட்டுகிற ட்ரோடாட் என்று ஒரு ஸ்கேன் இருக்கிறது, ஆனால் இப்போது வேண்டாம், மருந்தை நிறுத்தி ஆறு மாதம் பார்ப்போம், போகவில்லை என்றால் எடுப்போம் என்றார். நவம்பரில் ஒரு தனியார் டாக்டர், மறுபடி ஸ்ட்ரோக் வந்திருக்குமோ என்று சொல்லி அம்மாவுக்கு 7,500 ரூபாய்க்கு எம்ஆர்ஐ எடுக்கவைத்திருந்தார். அதோடு ஒப்பிட்டு நானே சிரித்துக்கொண்டேன். வாரம் ஒரு தடவை, ஒரே நேரத்தில், முகம், கையை நீட்டுவது, உட்கார்ந்து எழுவது என்று முப்பது வினாடி வீடியோ எடுத்து வைக்கச் சொன்னார். நான் யாருக்காவது ஒரே ஒரு காரியம் சொல்ல வேண்டுமென்றால் அதைச் சொல்வேன். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது. ஆகஸ்டில் நான் எடுத்த வீடியோவில் அம்மா சிரிக்கிறார், வலது கையால் மாவ்ஷியை விரட்டுகிறார். அதை டிசம்பரில் யாராவது பார்த்திருந்தால் போதும்.

முதலில் திரும்பியது முகம். ஜனவரி மத்தியில் ஒருநாள் நான் சாம்பாரில் உப்பைக் கொட்டிவிட, வாயைக் கோணி, "இத மனுசன் திம்பானா" என்றார். அந்தக் கோணலைப் பார்த்து நான் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிப்ரவரியில் புரையேறுவது நின்றது. மார்ச்சில் வலது கை நடுக்கம் கண்ணுக்குத் தெரியவில்லை. எல்லோருக்கும் இப்படித் திரும்பும் என்று சொல்லிவிட முடியாது. சிலருக்கு மாதக்கணக்காகும். சிலருக்கு உள்ளே ஒளிந்திருந்த உண்மையான பார்க்கின்சனை மருந்து வெளியே இழுத்துவிட்டிருக்கும். வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு நாக்கும் உதடும் தானாக அசைகிற டார்டிவ் டிஸ்கினீசியா வந்து, மருந்தை நிறுத்தினாலும் போகாமல் இருக்கலாம்.

இறுக்கம் போனபிறகுதான் உண்மையான மனச்சோர்வு தெரிந்தது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது வருகிறதாம். அதற்கு மருந்து என்றதும் நான் பதறினேன். இன்னொரு மனநல மாத்திரையா? ஃபுளூவாக்செட்டின் என்கிற மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டால் கைகால் சீக்கிரம் வரும் என்று எங்கோ படித்திருந்தேன், அதையாவது கொடுங்கள் என்றேன். டாக்டர் பொறுமையாக விளக்கினார். 2011இல் பிரான்சில் 118 பேரை வைத்துச் செய்த சோதனையில் அப்படி நம்பிக்கை வந்தது உண்மை. பிறகு 2018இல் பிரிட்டனில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்தபோது கைகால் செயல்பாட்டில் எந்தப் பலனும் இல்லை. மனச்சோர்வு குறைந்தது, எலும்பு முறிவு கூடியது. ஆகவே மனசுக்கு வேண்டும் என்றால் மனசுக்காகக் கொடுப்போம், காலுக்காக வேண்டாம் என்றார். குறைந்த அளவில் எசிட்டலோபிராம் எழுதி, இரண்டு வாரத்தில் ரத்தத்தில் சோடியம் பார்க்கச் சொன்னார். வயதானவர்களுக்கு அந்த வகை மருந்தில் சோடியம் இறங்கிவிடக்கூடும். நான் கேட்காமலேயே, எத்தனை மாதம் என்று சீட்டில் எழுதினார். அந்த மாத்திரை அம்மாவுக்கு நல்லது செய்தது. காலையில் தலை வாரிவிடு என்று கேட்க ஆரம்பித்தார்.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் இருக்கிறவருடைய மனநல மருந்தைத் தானாக நிறுத்திவிடாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். எங்கள் பில்டிங்கில் ஒரு தம்பி இருக்கிறான், மனச்சிதைவு நோய். அம்மாவை முடக்கிய அதே குடும்பத்து மாத்திரையில்தான் அவன் பத்து வருடமாக வேலைக்குப் போகிறான். இரண்டு வருடம் முன்னால் நிறுத்திப் பார்த்து, மூன்று வாரத்தில் ரயில் பாதையில் நின்றான். அவனுக்குக் கை நடுங்கினால் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், குவெட்டியாபின், குளோசாபின் போல இறுக்கம் குறைவாகத் தருகிற மருந்துகள் இருக்கின்றன. அதை டாக்டர் செய்ய வேண்டும். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் காத்திருக்காதீர்கள்: இந்த மருந்துகள் சாப்பிடுகிறவருக்கு உடல் விறைத்து, அதோடு கடும் காய்ச்சலும் குழப்பமும் வந்தால் அது அவசரம், நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். புதிதாகத் தொடங்கிய ஓரிரு நாளில் கழுத்து திருகிக்கொள்வது, கண் மேலே சொருகுவது வந்தாலும் உடனே போங்கள், ஓர் ஊசியில் பெரும்பாலும் சரியாகிவிடும். பேய் பிடித்துவிட்டது என்று கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும்.

ராத்திரி மூன்று மணிக்கு யாரிடம் கேட்பது என்று தவித்த நாட்களில் 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண், எனக்குத் தெரியாது. 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, தமிழிலும் பேசலாம், காசு கிடையாது. மருந்தால் வந்த கெடுதலை நோயாளியின் வீட்டாரே அரசுக்குத் தெரிவிக்கலாம் என்பதும் பிறகுதான் தெரிந்தது. 1800 180 3024, மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்தின் எண். படிவத்தை நிரப்பி அனுப்பினேன். யாரையும் தண்டிக்க இல்லை, ஒரு கணக்கிலாவது அம்மா ஏறட்டும் என்றுதான்.

கணக்கு என்றதும் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் நடுவரை பிசியோ 105 தடவை, 63,000. மாவ்ஷிக்கு 120 நாள், 78,000. எம்ஆர்ஐ 7,500. சம்பளமில்லா விடுப்பு 38 நாள். இதில் எவ்வளவு வீண், எவ்வளவு பலன் என்று பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை. கை மூட்டு இறுகிப்போகாமல் காப்பாற்றியது அந்த 105 தடவையில் ஏதோ ஒரு பங்குதான் என்று அந்த இளம் பிசியோ சொல்கிறார். அவரையே வாரம் மூன்று நாளுக்கு வைத்துக்கொண்டோம்.

அம்மா இப்போது நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்து அடுப்படி வரைக்கும் நடக்கிறார். வலது கை மாவைக் கரைக்கிறது, உப்புப் பார்க்கிறது. இடது கை தோள்வரை உயர்கிறது, விரல்கள் இன்னும் விரியவில்லை. அந்த மூன்று மாதமும் ஒழுங்காகப் போயிருந்தால் விரிந்திருக்குமா என்று பரேல் டாக்டரிடம் ஒரு தடவை கேட்டேன். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது என்றார். அவர் மாற்றிச் சொல்லியிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். வருகிற செவ்வாய்க்கிழமை மறுபடி ஓபிடி. அட்டைகளையெல்லாம் ஒரு பழைய இட்லிப் பாத்திரத்தில் போட்டு வைத்திருக்கிறேன், பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.